பேசியவர்களின் பெயர்ப் பட்டியல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள், தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் மாணவிகள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு சிரிக்கும் படம் வந்திருந்தது. மாணவர்களைவிட மாணவிகளே அதிக விழுக்காட்டில் தேர்ச்சி பெறுவது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடப்பதுதான் என்றாலும், அந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைந்துவிடும். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அந்த மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றையும் இந்த நேரத்தில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் சற்று நீளும்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆண்டில், என்னிடம் படித்த ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்ப்பதற்கு அவள் தந்தையோடு நானும் வேலூருக்குப் போயிருந்தேன். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அன்பாகத்தான் கேட்டார்: "உனக்கு என்னம்மா படிக்க விருப்பம்?" அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "நீங்களே நல்லதா ஒண்ணு பார்த்துப் போடுங்க சார், பொண்ணு சொன்ன பேச்சைக் கேக்கும்" என்றார் தந்தை. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர் அவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளுக்காக வந்தவர். ஆனால், மூன்று வருடம் எதைப் படிக்கப்போகிறோம் என்பதைப் பற்றி அந்த அறையில் ஒரு சொல்கூடச் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போது, லத்தேரி தாண்டிய பிறகு, "மிஸ், நான் புள்ளியியல் கேட்கலாம்னு இருந்தேன்" என்று என் காதோடு சொன்னாள். அதற்குள் வேறொரு பாடத்துக்குப் பணம் கட்டி ரசீதும் வாங்கியாகிவிட்டது.

இந்த ஒரு பெண்ணோடு முடிவதாக இருந்தால் நான் கடிதம் எழுத மாட்டேன். ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போனால், கேள்வியை முடிப்பதற்குள் "நான் மிஸ், நான் மிஸ்" என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும். விடை தெரியாதவளும் கையைத் தூக்கியிருப்பாள். அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் முழங்கை அளவுக்குத்தான் கையைத் தூக்குவார்கள். ஒன்பதாம் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார்கள், அதுவும் தலையைக் குனிந்தபடி. நோட்டை வாங்கிப் பார்த்தால் விடை சரியாக இருக்கும். கையில் இருக்கும் விடை வாய்க்கு வராது. மூன்று ஆண்டுகளில் இந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ந்திருக்கிறது, குரல் மட்டும் தேய்ந்திருக்கிறது. இது தானாக நேர்வதில்லை. நாம், அதாவது வீட்டாரும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் சேர்ந்து, நல்லது என்று நினைத்துக்கொண்டே செய்வது.

வீட்டில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். பெண் வயதுக்கு வந்ததும் தெருமுனையில் பிளெக்ஸ் பேனர் கட்டி, மண்டபம் பிடித்து, மாமன் சீர் வரிசையோடு மஞ்சள் நீராட்டு நடத்துகிறோம். கடன் வாங்கியும் நடத்துகிறோம். மறு வாரத்திலிருந்து சைக்கிளை எடுக்காதே, வாசலில் நிற்காதே, சத்தமாகச் சிரிக்காதே, பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போகாதே என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறோம். நேற்றுவரை கோகோ விளையாடியவளை இன்று மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறோம். அவளுடைய உடம்பில் நேர்ந்த மாற்றத்தை ஊருக்கெல்லாம் அறிவித்த நாம், அது என்ன மாற்றம், அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் உட்கார்ந்து பேசியிருப்போமா? எனக்குத் தெரிந்து பல வீடுகளில் அந்தப் பேச்சை ஆயாவோ அத்தையோ பயமுறுத்தும் சொற்களில் ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். தன் உடம்பே தனக்கு ஏதோ தொல்லை கொண்டுவந்துவிட்டது என்ற எண்ணத்தோடு பள்ளிக்குத் திரும்பி வரும் குழந்தையிடம் தன்னம்பிக்கையைப் பற்றி ஒரு நாள் முகாம் நடத்தி என்ன பயன்?

பள்ளியில் நடப்பதற்கு நானே சாட்சி, நானே பொறுப்பும். வகுப்புத் தலைவி என்று ஒருத்தியை ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்போம். யாரை? முதல் மதிப்பெண் வாங்குபவளை, அல்லது ஆசிரியர் சொல் தட்டாதவளை. அவளுக்கு என்ன வேலை? ஆசிரியர் வெளியே போனால் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு, அதற்குக் கீழே பெயர் எழுதுவது. திரும்ப வந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தண்டிப்போம். இருபது ஆண்டுகளுக்குமேல் நானும் இதைத்தான் செய்தேன். ஒரு நாள் பட்டியலில் மூன்று முறை பெருக்கல் குறி போட்டிருந்த ஒரு பெண்ணை எழுப்பி, "என்ன அப்படிப் பேசினாய்?" என்று கேட்டேன். "பின்னாடி இருக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கு புரியலைன்னாங்க மிஸ், சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் உண்மையாகவே தலைவியாக இருந்தவளின் பெயர் தண்டனைப் பட்டியலில் இருந்தது. தலைவி என்று நான் பேட்ஜ் குத்தியிருந்தவளுக்கோ தோழிகளைக் காட்டிக்கொடுப்பதைத்தான் கற்பித்திருந்தேன். பேசுவது குற்றம் என்பதை ஆறு வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, மேடை ஏறினால் பேச மாட்டேனென்கிறார்களே என்று அங்கலாய்ப்பதில் நியாயம் இல்லை.

அதற்குப் பிறகு பட்டியலை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும் பொறுப்புகளாகப் பிரித்தேன்: வருகைப் பதிவைச் சரிபார்ப்பது, குடிநீர், விளையாட்டுப் பொருள்கள், கழிப்பறைச் சாவி, குழந்தைகள் தினத்துக்குச் சேர்க்கும் பணத்தின் கணக்கு. யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று பார்க்காமல் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பொறுப்பில் இருப்பவர்கள் எழுந்து, இரண்டு நிமிடம் தாங்கள் செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒருத்தி, "தண்ணி வரல மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. வகுப்புதான் கேட்டது: ஏன் வரவில்லை, யாரிடம் சொன்னாய், அவர் என்ன சொன்னார்? அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு தாளில் நாள்வாரியாக எழுதிக்கொண்டு வந்து படித்தாள்.

அந்தத் தாளிலிருந்துதான் ஒன்று தொடங்கியது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதானதால் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. அதனால் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காலை வழிபாட்டிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வேலூர்ப் பக்கத்து ஏப்ரல் வெயிலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைவலி என்று வாரம் தவறாமல் படுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு என்ன நோய் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஐந்து மாணவிகள் சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார்கள். மூன்று முறை திருத்தினோம். முதல் வரைவில், 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று இரண்டு வரி கெஞ்சியிருந்தார்கள். அதை அடிக்கச் சொன்னேன். எத்தனை பேர் படிக்கிறோம், எத்தனை கழிப்பறைகள் இருக்கின்றன, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்ற எண்ணிக்கைகளை மேலே கொண்டுவரச் சொன்னேன். மனுவைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். சீட்டைத் தர முதலில் மறுத்திருக்கிறார்கள். ஐவரில் கடைசியாக நின்றிருந்தவள், எப்போதும் வாயைத் திறக்காதவள், "சீட்டு குடுக்கிற வரைக்கும் நாங்க இங்கயே இருக்கோம் சார்" என்றாளாம். மோட்டார் மூன்று வாரத்தில் சரியானது. கதவுத் தாழ்ப்பாள்கள் சரியாவதற்கு அடுத்த கல்வியாண்டுவரை ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஐந்து பேரும் அதன் பிறகு நடந்த விதத்தை, பேசிய விதத்தைப் பார்த்தவள் நான். எந்தப் பேச்சாளரைக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தாலும் அதைக் கொடுத்திருக்க முடியாது.

வாயைத் திறக்காதவள் என்று நான் சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் தாய் பீடி சுற்றுபவர். எங்கள் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு அந்தக் காட்சியைக் காணலாம்: மடியில் முறம், ஒரு பக்கம் நறுக்கிய இலை, ஒரு பக்கம் தூள், கட்டைவிரலில் நூல், நிமிராத கழுத்து. ஒரு சனிக்கிழமை, சுற்றிய பீடியைக் கணக்குக் கொடுக்கத் தாயோடு அவளும் பீடிக் கம்பெனிக்கு வந்திருந்தாள். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேறு வேலையாக அந்தத் தெருவில் நின்றிருந்த நான் தற்செயலாகப் பார்த்தேன். எண்ணி எடுப்பவர் ஒரு பீடிக் கட்டை எடுத்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தூள் கம்மி" என்று ஒதுக்கிப் போட்டார். அடுத்ததையும் போட்டார். தாய் பேசாமல் நின்றார். அந்தப் பெண் ஒதுக்கிய கட்டை எடுத்துப் பிரித்து, ஒரு பீடியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "அண்ணா, இலையைப் பாருங்க, ஓட்டை. இலை நீங்க குடுத்ததுதானே? ஓட்டை இலையைக் குடுத்துட்டுக் கட்டைக் கழிச்சா எப்பிடிண்ணா?" குரலில் பணிவும் இருந்தது, விட்டுக்கொடுக்காத உறுதியும் இருந்தது. இரண்டு கட்டில் ஒன்று திரும்பக் கணக்கில் ஏறியது.

மூன்றாண்டுகளாக என் வகுப்பில் கூச்சப்படுபவள் என்று நான் குறித்து வைத்திருந்த பெண் அவள். தன்னம்பிக்கை இல்லாத பெண்களுக்கு அதை நாம் ஊட்ட வேண்டும் என்ற பேச்சே தவறு என்று அன்று எனக்குத் தோன்றியது. தாய்க்காகப் பேச வேண்டிய இடத்தில் அவள் பேசினாள், ஏனென்றால் அவளுடைய பேச்சினால் அங்கே ஒன்று மாறக்கூடும். என் வகுப்பில் அவள் பேசி எதுவும் மாறப்போவதில்லை என்பதை அவள் தெரிந்து வைத்திருந்தாள். (பீடி சுற்றும் வேலையில் குழந்தைகளை உட்கார வைப்பதைச் சட்டமும் தடுக்கிறது, நானும் ஒப்ப மாட்டேன். அவள் கணக்குப் பார்க்க மட்டுமே போனாள். முறத்தை அவள் மடிக்கு மாற்றக் கூடாது என்று அந்தத் தாயிடம் பலமுறை பேசியிருக்கிறேன்.)

பெண்களுக்கு ஆர்வம் இல்லை, பொறுப்புக் கொடுத்தாலும் ஏற்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு நம் வேலூரிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற வழக்கத்தால் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்துபோனதைக் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்க நினைத்தபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வந்தவை 151. ஆண்களை அங்கே சேர்த்துக்கொண்டது 1947ஆம் ஆண்டில்தான். அந்த 151 பெண்களுக்கும் அதற்கு முந்தைய நாள்வரை ஆர்வம் இல்லாமலா இருந்திருக்கும்? கதவு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இன்று கதவுகள் நிறையத் திறந்திருக்கின்றன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. அந்தப் பணம் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஏறுகிறது என்பதால் வீட்டில் தன் சொல்லுக்கு ஓர் எடை வந்திருப்பதாக என் மாணவிகள் சிலரே சொன்னார்கள். பள்ளிகளில் 2024இல் தொடங்கிய மகிழ் முற்றத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்கள் பிரித்து மாணவத் தலைவர்களை அமர்த்துகிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தத் தலைவிகளுக்கு உண்மையான வேலையும், ஒரு சிறு தொகையைச் செலவு செய்து கணக்குக் காட்டும் உரிமையும், தலைமையாசிரியரிடம் மாதம் ஒரு முறை நேரில் குறை சொல்லும் நேரமும் கொடுத்தால் அது வேர்பிடிக்கும். பதவியேற்பு நாளில் பட்டை மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றால், என் பழைய 'பேசியவர்கள்' பட்டியலைப் போலத்தான் ஆகும்.

உடம்பைப் பற்றியும் ஒரு சொல். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. மந்தமான பெண், சோம்பேறி, எதிலும் ஒட்டாதவள் என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் எத்தனை பேர் ரத்தம் குறைந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யார் பார்த்தோம்? பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று சன்னலுக்கு வெளியே எறிவதை நானே கண்டிருக்கிறேன். திட்டிப் பயன் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த உடனே கொடுத்து, அவர்கள் முன்னால் நானும் ஒன்று போட்டுக்கொண்டேன். அதன் பிறகு எறியவில்லை.

மனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதைவிடக் கனமானது. பதினோராம் வகுப்பில் ஒரு பெண் தன் மதியச் சாப்பாட்டை நாள்தோறும் தோழிக்குக் கொடுத்துவிடுவதைக் கவனித்தேன். கேட்டால் பசியில்லை என்பாள். பத்து நாளுக்குமேல் அப்படியே போனது. ஒரு மாலை, நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆசிரியர் அறைவரை வரச் சொன்னேன். வழியில், முகத்துக்கு முகம் பாராமல் நடந்துகொண்டே இருந்ததால்தான் அவளால் சொல்ல முடிந்திருக்க வேண்டும். அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த படத்தை எடுத்து, வேறோர் உடம்போடு ஒட்டி, அதைக் காட்டி ஒருவன் மிரட்டிக்கொண்டிருந்தான். "வீட்ல ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க, படிப்பையும் நிறுத்திடுவாங்க மிஸ். அடுத்து கல்யாணந்தான்" என்றாள். குற்றம் செய்தவனுக்குப் பயப்பட்டதைவிட, தன்மேல் அன்பு வைத்திருப்பவர்களுக்கு அவள் அதிகம் பயந்தாள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மறுநாள் அவள் தாயை வரவழைத்துப் பேசி, மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அதற்குப் பின் நடந்தவற்றை, அவள் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் விரிக்கவில்லை. அவள் படிப்பு நிற்கவில்லை. இன்று வேலையில் இருக்கிறாள்.

பெற்றோர்களை நான் கைகூப்பிக் கேட்பது இது ஒன்றைத்தான். மகள் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், முதல் பதிலாகப் போனைப் பிடுங்குவதும் படிப்பை நிறுத்துவதும் இருக்கக் கூடாது. 'என்ன ஆனாலும் உன் படிப்பு நிற்காது' என்று ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளிலேயே அவளிடம் சொல்லி வையுங்கள். குறிப்பாக அப்பாக்கள் சொல்லி வையுங்கள். நடந்த பிறகு சொன்னால் அவள் நம்ப மாட்டாள். குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416, பள்ளிக் கல்வித் துறையின் 14417, இணையவழிக் குற்றங்களுக்கான 1930 ஆகிய எண்களைச் சமையலறைக் கதவின் பின்பக்கம் எழுதி ஒட்டி வைக்கலாம்.

மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதாவது ஒன்பதாம் வகுப்புக்குள். மனநல மருத்துவத்தில் நாடறிந்த மையம் ஒன்று வேலூரை ஒட்டிய பாகாயத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் முறைக்கு அது பேர்பெற்றது. அத்தகைய மையத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நம் வகுப்பறைகளில், ஒருத்தி அழுதால் "உன்னை பாகாயத்துக்குத்தான் அனுப்பணும்" என்று கேலி பேசுவதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும், பக்கத்துப் பள்ளிகளோடு பகிர்ந்துகொண்டாவது, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் தவறாமல் வரும் பெண் ஆலோசகர் ஒருவர் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வந்து மைக் முன்னால் பேசிவிட்டுப் போகிறவரிடம் எந்தக் குழந்தையும் மனத்தைத் திறக்காது. குறைகளை எழுதிப் போடுவதற்காகப் பல பள்ளிகளில் வைத்திருக்கும் மாணவர் மனசு பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைக்காமல், யாரும் பார்க்காமல் சீட்டுப் போடக்கூடிய இடத்தில் வைத்தாலே பாதிப் பயன் கூடும். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற ஊர்களின் பிள்ளைகளை எண்ணும்போது இந்தக் கோரிக்கை இன்னும் அவசரமாகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் அந்தப் பெண்களுக்கு மாலையில் போய்ச் சொல்லி அழ அம்மாவும் பக்கத்தில் இல்லை.

வீட்டிலும் பள்ளியிலும் நாம் சொல்வதைவிட, ஊரில் காண்பதிலிருந்து பெண்கள் அதிகம் கற்கிறார்கள். உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடஒதுக்கீட்டை 2016இல் தமிழ்நாடு 50 விழுக்காடாக உயர்த்தியது. பல ஊராட்சிகளில் பெண் தலைவர்கள் மழையிலும் வெயிலிலும் நின்று வேலை வாங்குவதைக் கண்டிருக்கிறேன். வேறு சில ஊர்களில் கையெழுத்து மட்டும் அம்மையாருடையது, நாற்காலியும் பேச்சும் கணவருடையது. கிராம சபைக் கூட்டத்துக்கு என் மாணவிகளை அழைத்துப் போனபோது, தலைவரைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்விக்கு அவர் கணவர் எழுந்து பதில் சொன்னார். திரும்பும் வழியில் ஒரு சிறுமி என்னைக் கேட்டாள்: "மிஸ், அந்த அம்மாவுக்குத் தெரியாதா, இல்ல விடலயா?" ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாள்களில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்களைப் பார்வையாளர்களாக உட்கார வைக்கவும், அவர்கள் பள்ளியைப் பற்றி எழுதிக் கொடுக்கும் ஒரு குறையைக் கூட்டத்தில் அவர்களே படிக்கவும் ஊராட்சிகள் இடம் கொடுக்க வேண்டும். வாக்குரிமை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு ஏராளம் இருக்கிறது.

இறுதியாகத் தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஓய்வுக்குப் பின் குடியாத்தத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி கபடி ஆடுகிறாள். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் அவளால் நகரத்துப் பள்ளிக்கே போக முடிகிறது. ஆனால் பயிற்சி முடிய மாலை 5.30 ஆகிறது, எங்கள் ஊருக்கு வரும் பேருந்து 4.50க்குக் கிளம்பிவிடுகிறது, அடுத்தது ஏழு மணிக்கு. ஏழு மணிப் பேருந்தில் பெண்ணை அனுப்ப எந்த வீட்டில் ஒப்புவார்கள்? பயிற்சியை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்கள். அவளை ஊக்கப்படுத்த நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேருந்து நாப்பது நிமிஷம் தள்ளி வந்தா போதும் டீச்சர், வேற எதுவும் வேணாம்" என்றாள். சரி, அதை எழுது என்றேன்.

எழுதியிருக்கிறாள். அந்தத் தடத்தில் எத்தனை ஊர்கள், மாலையில் பயிற்சிக்கும் கணினி வகுப்புக்கும் தங்க முடியாமல் போகும் மாணவிகள் ஊருக்கு எத்தனை பேர், 4.50 பேருந்தில் எத்தனை இருக்கை காலியாக வருகிறது என்று ஒரு வாரம் எண்ணி, கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். நான் எழுத்துப் பிழை மூன்றைத் தவிர எதையும் திருத்தவில்லை. தாயும் தந்தையும் அடியில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்; தந்தை இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டார். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கால் பக்கம், மாணவிகள் தங்கள் ஊரைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் எழுதும் கடிதங்களுக்குத் தாங்கள் ஒதுக்க வேண்டும். பெயரை வெளியிடாமல், வகுப்பையும் ஊரையும் மட்டும் போட்டால் போதும். அதன் தொடக்கமாக இவள் கடிதம் இருக்கட்டும்.

இரண்டுக்கும் இடம் இல்லையென்றால் என்னுடையதைத் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். அவளுடையதில் ஒரு வரியும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.